பகல் பகைக்கு இரவுக் கதவா?

"பகலில் அவிழ்த்துவிடு, அந்தியில் பஞ்சாரத்தைக் கவிழ், நாட்டுக்கோழிக்கு அதற்கு மேல் என்ன காவல்?" புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தத் தீர்ப்பும் கூடவே வந்துவிடும். கூண்டை ஒட்டி வலையடித்த திறந்தவெளி அடைப்பு ஒன்று போடலாமே என்றால், அதெல்லாம் பண்ணைக்காரர் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். தீர்ப்பு பிசகுவது நேரக் கணக்கில். மரநாயும் காட்டுப்பூனையும் இருட்டில் வருபவை. கூண்டுக் கதவு அவற்றைத் தடுக்கும். கீரியோ பகலில் இரை தேடும் பிராணி. வல்லூறும் பருந்தும் வெளிச்சத்தில்தான் இறங்கும். குஞ்சு தூக்கும் காகம் விடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும். தெருநாய்க்கு எந்த நேரமும் ஒன்றுதான். ஆக, இத்தனை பேர் நடமாடும் பொழுதில்தான் கதவு திறந்து கிடக்கிறது.

நாட்டுக்கோழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. தாய்க்கோழி வானத்து நிழலைக் கண்டு குரல் கொடுத்தால் குஞ்சுகள் புதருக்குள் ஓடி ஒடுங்கும். காட்டுக்கோழியிடமிருந்து வந்த குணம் அது. ஆனால் காட்டில் ஓர் ஈட்டுக் குஞ்சுகளில் இரண்டு மூன்று மிஞ்சினாலே இனம் அறுந்துபோகாது. வளர்ப்பவருக்கு அந்தக் கணக்கு கட்டுபடியாகுமா? அதோடு, ஒடுங்குவதற்குப் புதர் வேண்டும். சிமெண்ட் போட்ட வாசலிலும் காம்பவுண்டுச் சுவரின் ஓரத்திலும் குஞ்சு எங்கே ஒளியும்?

"வலை போட்டும் கீரி புகுந்துவிட்டதே" என்ற வாதம் இன்னும் வலுவானது. புகத்தான் செய்யும், போட்டது வெறும் கோழிவலை என்றால். அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய கம்பி, கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. நாய் உள்ளே வராமல் இருக்க அன்று. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும். அதற்கு மேல் கோழிவலை போதும். அடிப்பாகத்தை ஓரடி ஆழம் புதைக்கலாம். பாறையும் வேருமான மண்ணென்றால் வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துத் தரையோடு விரித்து, மேலே கல்லோ மண்ணோ போட்டால் போதும். தோண்டும் பிராணி சுவரின் அடியில்தான் நகம் வைக்கும். தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் பருந்துக்கு வழியில்லை. மரநாய் அதைக் கடித்துவிடும் என்றாலும், அது வரும் நேரத்தில் கோழிகள் கூண்டுக்குள் இருக்கும். அடைப்பு பகலுக்கு, கூண்டு இரவுக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டக் கூடாது.

நோயைப் பற்றிய மறுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒரே மண்ணில் எச்சம் சேர்ந்து ஈரமும் தங்கினால் ரத்தக்கழிச்சல் வரும். கோழிக்குப் பத்துச் சதுர அடி ஒதுக்கி, அடைப்பை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றித் திறந்துவிட்டால் ஒரு பக்கம் வெயிலில் காயும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் எதிர்த்திசையில் பேசுகிறது. அது அடுத்த வீட்டுக் கோழியோடு குப்பைமேட்டில் கலந்து மேயும்போது தொற்றும் நோய். தடுப்பூசிதான் அதற்கு முதல் காவல் என்பதில் மாற்றமில்லை. ஊசி போடும் நாளில் கோழியைத் துரத்திப் பிடிக்கும் கூத்து அடைப்புக்குள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தீவனச் செலவு கூடுமே என்றால், ஆம், கூடும். புழு பூச்சியும் சிந்திய தானியமும் இலவசமாகக் கிடைத்தது நின்றுபோகும். கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து நீர் தெளித்த பானையைக் கவிழ்த்து வைத்தால் ஓரிரவில் கறையான் ஏறும். தொட்டியில் அசோலா, வேலியில் அகத்தி, முருங்கை. இவை செலவைக் குறைக்குமே தவிர முழுதாக ஈடுகட்டா. மறுபக்கத்தில், புதருக்குள் இட்டுப் பாம்புக்கும் கீரிக்கும் போன முட்டைகளையும் எழுதியாக வேண்டும். வழக்கமாக அதை யாரும் எழுதுவதில்லை.

அடைத்தால் ருசி போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. பிராய்லர் ஆறு வாரத்தில் அறுப்புக்கு வருகிறது. நாட்டுக்கோழி மாதக்கணக்கில் மெல்ல வளர்கிறது. இறைச்சியின் கெட்டித்தன்மை பெரிதும் அந்த இனத்திலிருந்தும் வயதிலிருந்தும் வருவது. சீய்க்க மண்ணும் புரளச் சாம்பலும் நிழலும் உள்ள அடைப்பு அதைக் குலைப்பதில்லை. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள், வீட்டில் ஆள் இருக்கும் மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவிடலாம். இருட்டுவதற்குள் கோழிகள் தாமாகவே கூண்டுக்குத் திரும்பிவிடும்.