நீர் மாறியதா, குழாய் அழுக்கா?

காந்தத்தின் ஊடே செலுத்திய நீர், சுழற்றி 'ஒழுங்குபடுத்திய' நீர் என்றெல்லாம் இன்று விற்கிறார்கள். பருகினால் நோய் அணுகாதாம்! மாணவர்களே, நீரை அப்படி மாற்ற முடியுமா? அறிவியல் வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1931-இல் அமெரிக்காவின் ஹரால்டு யூரே, ஹைட்ரஜனின் நிறமாலையில் வழக்கமான கோட்டின் அருகே மங்கலான வேறொரு கோட்டைக் கண்டார். அது எடை மிகுந்த ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் கோடு. அது எங்கே தோன்றும் என்பதை அவர் முன்பே கணக்கிட்டிருந்தார். நீரை மின்னாற்பகுக்கும்போது இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறும், டியூட்டீரியம் பின்தங்கும். இவ்வழியே 1933-இல் கில்பர்ட் லூயிஸ் ஏறக்குறையத் தூய கனநீரைப் பெற்றார். அது 3.8 டிகிரி செல்சியசிலேயே உறைந்துவிடும். எவர் சோதித்தாலும் இதே விடைதான்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. 1960-களில் சோவியத் நாட்டின் பெதியாக்கினும் டெர்யாகினும், நுண்ணிய குவார்ட்ஸ் குழாய்களில் படிந்த நீர் கெட்டியாக இருப்பதையும், எளிதில் கொதிக்காததையும் கண்டனர். 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் அகச்சிவப்பு நிறமாலையை ஆராய்ந்து, 'பாலிவாட்டர்' என்று பெயரிட்டனர். உலகமே பரபரப்படைந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டெனிஸ் ரூசோ என்ன செய்தார் தெரியுமா? தம் வியர்வையின் நிறமாலையை எடுத்து அதனுடன் ஒப்பிட்டார். இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன! கண்டது புதிய நீரன்று, நீரில் கலந்த மாசு. 1973-இல் டெர்யாகினே இதை ஒப்புக்கொண்டார்.

கருவி பொய் சொல்லவில்லை. அது மாசைத்தான் காட்டியது. மனிதர்தாம் அதைப் புது நீர் என்று படித்தனர். கருவி எவ்வளவு நுட்பமானதோ, அவ்வளவு தூய்மையாகக் கலம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

புதியதை எல்லாம் மறுப்பது அறிவியலா என்று நீங்கள் கேட்கலாம். மறுக்கச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்கிறேன். திரவ நீரின் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற சிறு நேரத்திலேயே அறுந்து மாறுகின்றன. அப்படியிருக்க, 'ஒழுங்கு' புட்டியில் எப்படி நிலைக்கும்? விற்பவரிடம் கேளுங்கள்: எதை அளந்தீர்கள்? சாதாரண நீரையும் அதே கலத்தில் அளந்தீர்களா? வேறொருவர் செய்து பார்த்தாரா?

இக்கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். நாளை பள்ளி ஆய்வகத்தில் வியப்பான அளவீடு கிடைத்தால், முதலில் முகவையைக் கழுவுங்கள், மீண்டும் அளவிடுங்கள். அப்போதும் அந்த வியப்பு நீடித்தால் மகிழுங்கள். தவறென்று தெரிந்தால், டெர்யாகினைப்போல் ஒப்புக்கொள்ளுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை.