நெய்வேலியின் பங்கும் முறையிட இடமில்லா மக்களும்

நிலம் தமிழனது. நிலத்தடியிற் கிடக்கும் பழுப்பு நிலக்கரி தமிழ்மண்ணின் செல்வம். ஆயினும், அதை அகழ்ந்தெடுக்கும் நிறுவனத்தின் பங்கை எவர்க்கு விற்பது என்று முடிவு செய்யுமிடம் புதுதில்லி. அவ்விற்பனையை நெறிப்படுத்துமிடம் மும்பை. அம்முடிவு பிழையென்று முறையிட நெய்வேலியானுக்கு இடம் எங்கே? 2013ஆம் ஆண்டு (திருவள்ளுவராண்டு 2044) எழுந்த இவ்வினாவிற்கு இன்றுவரை விடை கிடைத்திலது.

நெய்வேலி வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. 1930களில் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது நீரோடு கலந்து வெளிப்பட்ட கரும்பொருளின் அருமையுணர்ந்து அரசுக்கு அறிவித்தவர் சம்புலிங்கனார். தம் நிலம் 620 ஏக்கரையும் சுரங்கத்திற்கென்று ஈந்தவரும் அவரே. காமராசர் ஆட்சிக்காலத்தில், 1956ஆம் ஆண்டு, நிறுவனம் பதிவுற்றது. அடுத்த ஆண்டு தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் பெயர்ந்தன, கழனிகள் மறைந்தன. அவ்விழப்பின் மேல் எழுந்ததே இன்றைய நெய்வேலி நகரியம்.

2010இல் நடுவணரசு பங்கு ஒப்பந்த விதிகளைத் திருத்தியது. சந்தையிற் பட்டியலிடப்பெற்ற தனியார் நிறுவனங்களில் 25 விழுக்காட்டுப் பங்கும், அரசு நிறுவனங்களில் 10 விழுக்காட்டுப் பங்கும் பொதுமக்கள் கையில் இருத்தல் வேண்டும் என்பது திருத்தம். அரசு நிறுவனங்கட்கு 2013 ஆகத்துத் திங்கள் கெடு. நெய்வேலியில் நடுவணரசு வைத்திருந்ததோ 93.56 விழுக்காடு. எனவே 3.56 விழுக்காட்டை விற்றே தீரவேண்டும் என்றனர். விதியைச் செயற்படுத்தும் பொறுப்பு, செபி எனப்படும் பங்குப் பரிமாற்ற வாரியத்தினது.

விதியின் நோக்கம் தீயதென்று கூறுதற்கில்லை. பங்கனைத்தும் ஓரிருவர் கையில் முடங்கின், விலையை அவர்கள் ஆட்டிப்படைப்பர். சிறு பங்கினர் ஏமாறுவர். ஆனால் ‘பொதுமக்கள்’ என்னுஞ் சொல்லுக்கு அவ்விதி தரும் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிறுவனத்தைத் தோற்றுவித்து ஆள்வோர் தவிர்ந்த ஏனைப் பங்கினரே அங்குப் பொதுமக்கள். பணங்கொடுத்துப் பங்கு வாங்கிய எங்கோ உள்ள முதலீட்டாளன் பொதுமகன். நிலங்கொடுத்த உழவனோ, சுரங்கத்தில் உழைத்து மூப்பெய்திய தொழிலாளியோ பங்கு வாங்காதவரை பொதுமகன் அல்லன்! சொல் திரிந்தால் உரிமையும் திரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு சூலைத் திங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதலமைச்சர் செயலலிதா தலைமையமைச்சர் மன்மோகன்சிங்குக்கு மடல் எழுதி விற்பனையை எதிர்த்தார். விற்றே ஆகவேண்டுமெனில் தமிழ்நாட்டரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். செபியும் இசைந்தது. சிப்காட், டிட்கோ உள்ளிட்ட ஐந்து மாநில நிறுவனங்கள் ஏறத்தாழ 358 கோடி உருவா கொடுத்து அப்பங்கை வாங்கின. தமிழ்மண்ணின் செல்வத்தில் ஒரு சிறு கூற்றைத் தமிழ்நாடு தன் பணங்கொடுத்தே வாங்கிக் காத்தது.

அது வெற்றிதான். ஆனால் உரிமையால் வந்த வெற்றியன்று. இசைவால் வந்த வெற்றி. செபி இசையாதிருந்தால் என் செய்திருத்தல் கூடும்? 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, செபியின் ஆணையால் இடருற்றவர் 45 நாள்களுக்குள் மும்பையிலுள்ள பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன்பின் சட்ட வினா இருந்தால் மட்டும் உச்ச வழக்குமன்றம் செல்லலாம். ஆனால் வழக்குத் தன்மையுடைய ஆணைகளையே தீர்ப்பாயம் ஆராயும். ஆட்சிமுறை ஆணைகளையும் விதியின் செல்லுமையையும் ஆங்கு வினவவியலாது என்று 2017இல் உச்ச வழக்குமன்றமே தெளிவுறுத்தியது. அவ்வுச்ச மன்றத்திலும், அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, வழக்காடும் மொழி ஆங்கிலமே.

இரு பெருஞ்செல்வர் ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றப் போட்டியிடும்போது இவ்வழி நன்கு பயன்படுகிறது. 25 விழுக்காட்டுப் பங்கை ஒருவன் அடைந்தால் ஏனைப் பங்கினர்க்கும் அவன் விலை கூறியாகவேண்டும். அவ்விலை குறைவெனில் செபி தலையிடும். செபி தவறின் தீர்ப்பாயம் திருத்தும். பங்குடையோனுக்கு இத்துணைப் படிகள்! மண்ணுடையோனுக்கு ஒரு படியும் இல்லை.

விளைவு யாது? 2014இல் விதி மீண்டும் திருத்தப்பெற்றது. அரசு நிறுவனங்களுக்கும் 25 விழுக்காடு என்றாயிற்று. 2017இல் நெய்வேலியின் 15 விழுக்காட்டுப் பங்கு சந்தை வழியே விற்பனைக்கு விடப்பெற்றது. 2024இல் மேலும் 7 விழுக்காடு விற்கப்பெற்று, நடுவணரசின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காட்டிற்கு இறங்கியது. 3.56 விழுக்காட்டிற்குக் கொதித்தெழுந்த தமிழகம், அதனினும் பன்மடங்கு பெரிய விற்பனைகளின்போது அவ்வாறு எழுந்திலது. ஒரு முறை பெற்ற இசைவை நிலைத்த உரிமையென்று எண்ணி அயர்ந்ததன் பயன் இது.

இனி வேண்டுவன மூன்று. மண்ணின் வளத்தால் வாழும் நடுவணரசு நிறுவனத்தின் பங்கை விற்குமுன், அம்மாநில அரசுக்கு முதல் வாங்குரிமை சட்டத்தாலேயே வழங்கப்பெறல் வேண்டும். நிலந்தந்தோரும் தொழிலாளரும் இடருற்றோராக ஏற்கப்பெற்று, செபியின் முன்னும் தீர்ப்பாயத்தின் முன்னும் முறையிடும் உரிமை பெறல் வேண்டும். தீர்ப்பாயத்தின் கிளையொன்று சென்னையில் அமைந்து, ஆங்குத் தமிழில் வழக்காடல் வேண்டும்.

கெஞ்சிப் பெற்றதைக் கொடுத்தவனே மீட்டுக்கொள்வான்; சட்டத்திற் பொறித்த உரிமையை எளிதிற் பறித்தல் இயலாது. அடுத்த விற்பனை அறிவிப்பு வந்தபின் கூடிக் கூச்சலிடுவதால் பயனில்லை. அதற்கு முன்பே அவ்வுரிமைச் சட்டத்தை எழுப்புதலே தமிழர் கடன்.