சைக்கிளுக்கு வேண்டாம், லாரிக்கு மாட்டுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஜி.பி.எஸ். கருவி மாட்டிவிட்டால் விபத்து குறையும் என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அது ஒரு திட்டமாக உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

இதுபோன்ற கருவிகளால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் வண்டி நெருங்கினால் எச்சரிக்கும் ரேடார் விளக்கு இருக்கிறது. ஓட்டுகிறவர் விழுந்துவிட்டால் வீட்டுக்குத் தானாகவே தகவல் அனுப்பும் ஹெல்மெட்டும் இருக்கிறது. விடியற்காலையில் ஈ.சி.ஆரில் தனியாகப் போகிறவர் விரும்பி வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் நம் நகரத்தில் சைக்கிள் மிதிக்கிற பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

மாலை ஆறரை மணிக்குத் திரு.வி.க. பாலத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். அடையாறு அடுக்ககங்களுக்கு இரவு டியூட்டிக்குப் போகும் வாட்ச்மேன்கள் வருவார்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, பின் மட்கார்டில் விரிசல் விட்ட சிவப்பு ரிஃப்ளெக்டர். விளக்கு கிடையாது. இடது ஓரம் மணல். வலது கைக்கு ஒரு சாண் தள்ளிப் பேருந்து. மணலில் இறங்கினால் சக்கரம் வழுக்கும், விலகினால் பேருந்து உரசும். அந்த ஒரு சாண் இடைவெளியை எந்தக் கருவியும் அகலப்படுத்தாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைநீர் வடிகாலின் இரும்பு மூடியில் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் இருந்தால் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். குறுக்குவாட்டில் வைத்தால் இறங்காது. இதற்கு ஒரு வெல்டிங் பட்டறையே போதும்.

கருவி மாட்டினால் யார் எப்போது எங்கே போனார் என்ற கணக்கு எங்கோ ஓரிடத்தில் சேரும். ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களையே அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று 2018 ஜனவரியில் உலகமே பேசியது. ராணுவத்துக்கே அந்தக் கதி என்றால், காலையில் நாலு வீடு மாறி மாறி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? எந்த வீட்டில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது முதலாளிக்குத் தெரிந்தால் அந்தப் பெண்ணின் சம்பளம் என்னாகும்? நம் மாநிலம் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-ல். அந்த சைக்கிள் அவர்களுக்குத் தந்தது யாரையும் கேட்காமல் போய்வரும் தைரியத்தை. அதிலேயே உளவுக் கருவி வைத்தால் அந்தத் தைரியத்தைத் திருப்பி வாங்கியதாகிவிடும்.

கருவி விருப்பத்தில் தொடங்கிக் கட்டாயத்தில் முடியும் என்பதுதான் என் பெரிய பயம். சைக்கிளுக்கு உரிம வில்லை வாங்க வேண்டியிருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டைனமோ எரியாவிட்டால் போலீஸ் பிடிக்கும். மாட்டிக்கொண்டவர்கள் கூலிக்காரர்களும் பால்காரர்களும்தான். நாளை லாரி அடித்துக் காலொடிந்த ஒருவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது, 'கருவி மாட்டவில்லை, தவறு இவர் மேலும் உண்டு' என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதாடுவார். மாட்டியிருந்தால், அதே பதிவை எடுத்துக் காட்டி 'எதிர்த்திசையில் வந்தார்' என்பார்.

தரவு பத்திரமாக இருக்கும் என்ற உறுதியையும் நம்ப முடியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்திருக்கிறது. தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் 2024 மே மாதம் ஊடுருவல் நடந்ததையும் பார்த்துவிட்டோம்.

கருவி வேண்டுமென்றால் கொல்லக்கூடிய வண்டியில் மாட்டுங்கள். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட, ஓட்டுநருக்கு நேரடிப் பார்வை போதாத லாரியில் அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தை உணரும் சென்சார் வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் கடுமையானது. அங்கே பொறுப்பு லாரிக்காரருடையது, மிதிப்பவருடையதல்ல. உங்கள் குப்பை லாரிகளிலிருந்தே தொடங்கலாம். எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம், ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். விபத்துத் தரவுக்கும் புதிதாக யாரையும் பின்தொடரத் தேவையில்லை. நாடு முழுவதற்குமான விபத்துத் தரவுத்தளத்தை உருவாக்கியதே கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ்தான். சைக்கிள்காரர்கள் அடிபட்ட இடங்களை மட்டும், பெயர் இல்லாமல், வார்டு வாரியாகக் காவல்துறையிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் என்று இந்த மாநகராட்சியே 2014-ல் கொள்கை வகுத்தது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கிக் காட்டினீர்கள். மனம் வைத்தால் முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அடுத்த பட்ஜெட்டில் அந்த 60 சதவீதம் எத்தனை கோடி, அதில் சைக்கிள் பாதைக்கு எவ்வளவு, எந்தெந்தச் சாலையில் என்று தனித் தலைப்பில் அச்சிடுங்கள். மெட்ரோ பணி முடிந்து ஆர்.கே. மடம் சாலையைத் திரும்பப் போடும்போது இடது ஓரத்தை சைக்கிளுக்கு ஒதுக்குவீர்களா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். சாலை போட்ட பிறகு கேட்டால் இடமில்லை என்றுதான் பதில் வரும்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்