இருவருக்கு மூன்று அடுப்பு

இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால், பிரியாமல் இருக்க என்ன வழி? "ஒருவர் இல்லாமல் மற்றவர் எதையும் தொடக் கூடாது" என்பார்கள் பெரியவர்கள். பாரிஸ் நகரத்துச் சிநேகிதர்கள் இருவர் இதற்கு நேர்மாறாக நடந்து, இருபத்தெட்டு வருஷம் சேர்ந்திருந்தார்கள்!

தாமஸ் பங்கால்ட்டர், கீ மானுவேல் என்ற இந்த இருவரும் 1987-ல் பள்ளிக்கூடத்தில் பழக்கமானவர்கள். 1993-ல் 'டாஃப்ட் பங்க்' என்று பெயர் வைத்துக்கொண்டு மின்னணு இசையில் இறங்கினார்கள். சிந்தஸைஸரும் தாள யந்திரமும்தான் அவர்களுக்கு வாத்தியங்கள். பிற்பாடு யந்திர மனிதர்களைப் போல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முகத்தையும் மறைத்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷத்தில் அவர்கள் வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் எத்தனை தெரியுமா? நாலே நாலு! 1997, 2001, 2005, 2013. மற்ற நாளெல்லாம் தூங்கினார்களா என்றால், அதுதான் இல்லை.

தாமஸ் 1995-லேயே சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கிவிட்டார். கீ மானுவேலும் சும்மா இருக்கவில்லை. வேறொரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு 1997-ல் தானும் ஒன்று தொடங்கினார். பொது அடுப்பு ஒன்று. ஆளுக்கொரு தனி அடுப்பும் உண்டு!

1998-ல் தாமஸ் வேறு இருவரோடு 'ஸ்டார்டஸ்ட்' என்ற பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டார். சாக்கா கான் என்ற அமெரிக்கப் பாடகியின் 1981-ம் வருஷத்துப் பாட்டிலிருந்து ஒரு துணுக்குக் கிதார் இசையை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சுழலவிட்ட பாட்டு அது. ஐரோப்பா முழுவதும் அதற்கு ஆடியது. இன்னொருவராக இருந்தால் அந்தப் பெயரிலேயே பத்துப் பாட்டுப் போட்டுக் காசாக்கியிருப்பார். 'ஸ்டார்டஸ்ட்' அந்த ஒரே பாட்டோடு நின்றுவிட்டது. தாமஸ் பொது அடுப்புக்குத் திரும்பிவிட்டார்!

இருவருமே சேர்ந்து வெளி வேலை செய்ததும் உண்டு. 2001 ஆல்பத்தின் பாட்டுக்களை, லெய்ஜி மாட்சுமோட்டோ என்ற ஜப்பானியச் சித்திரக்காரரின் துணையோடு 2003-ல் முழுநீளக் கார்ட்டூன் படமாக்கினார்கள். 2010-ல் 'டிரான்: லெகஸி' என்ற ஹாலிவுட் படத்துக்கு, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து இசையமைத்தார்கள். 2013-ல் வந்த ஆல்பத்தில் பார்த்தால், யந்திரங்களைப் பின்னுக்குத் தள்ளி, மனிதர்களே வாசித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் கிராமி பரிசும் கிடைத்தது. வெளியே கற்ற கைப்பக்குவம் வீட்டுச் சமையலுக்கு உதவியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 பிப்ரவரியில் இருவரும் பிரிந்தார்கள். காரணத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "பார்த்தீர்களா, தனி அடுப்புதானே பிரித்தது!" என்கிறீர்களா? தனி அடுப்பு மூட்டியது 1995-ல் அல்லவா? அது பிரிப்பதாக இருந்தால் முதல் ஆல்பமே வந்திராதே!

பிரிந்த பிறகும் தாமஸின் கை ஓயவில்லை. போர்தோ நகரத்தில் 2022-ல் அரங்கேறிய ஒரு பாலே நாட்டியத்துக்கு, யந்திரமே இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்று இசை எழுதினார்.

வீட்டுக்காக நாள் முழுவதும் உழைக்கும் சகோதரிகளே! உங்களுக்கென்று ஒரு சின்ன அடுப்பு, பாட்டோ படிப்போ தையலோ, எரிந்துகொண்டிருக்கிறதா? அணைந்திருந்தால் இன்றைக்கே மூட்டுங்கள். குடும்பம் ஒன்றும் கெட்டுவிடாது!