‘இத்தனை வருஷம் கழிச்சு இப்போ ஏன் சொல்றே?’ - அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்!

கல்யாணம், குழந்தை, வேலை என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். 35 வயதில் ஒருநாள், ‘சின்ன வயசுல எனக்கு இப்படி நடந்தது’ என்று ஒரு பெண் வாய் திறப்பார். ஆறுதல் கிடைக்க வேண்டிய இடத்தில், பெரும்பாலான வீடுகளில் அவருக்குக் கிடைப்பது ஒரு கேள்வி: ‘இத்தனை வருஷம் கழிச்சு இப்போ ஏன் சொல்றே?’

இந்தக் கேள்விக்கு உளவியலில் தெளிவான பதில் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்குத் தனக்கு நடப்பது என்னவென்று சொல்ல வார்த்தையே தெரியாது. தவறு செய்பவரும் பெரும்பாலும் அந்நியர் அல்ல. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக் கொடுப்பவர் என்று குடும்பமே நம்பும் ஒருவர். ‘பெரியவங்க தப்பு செய்ய மாட்டாங்க, அப்போ நான்தான் தப்பு’ என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த குழந்தைகளில் 53 சதவிகிதம் பேர் ஏதோவொரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாத அந்த வலி வேறு வேறு வடிவங்களில் வெளியே வரும். காரணமே இல்லாத பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு, யாரையும் நம்ப முடியாத நிலை. அன்பான கணவர் தொட்டால்கூட உடல் விறைத்துப்போகும். மகப்பேறு மருத்துவரின் பரிசோதனையே பெரும் பயமாகும். சம்பந்தப்பட்டவர் வருவார் என்பதால் உறவினர் வீட்டுக் கல்யாணத்தைத் தவிர்ப்பவருக்கு, ‘திமிர் பிடிச்சவ’ என்ற பட்டமும் கிடைக்கும். தனக்கு அது நடந்த வயதைத் தன் மகள் எட்டும்போது, மறந்துவிட்டதாக நினைத்ததெல்லாம் மேலே எழுந்து வருவதும் உண்டு. பல பெண்கள் அப்போதுதான் முதன்முறையாகப் பேசுகிறார்கள்.

பாதிப்பு உடலையும் விடுவதில்லை. அமெரிக்காவின் சான்டியாகோவில் உடல் எடைக் குறைப்பு சிகிச்சை அளித்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள் பாதியிலேயே சிகிச்சையைக் கைவிடுவதை 1980-களில் கவனித்தார். விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பது தெரிந்தது. சிலருக்கு அந்த எடையே ஒரு பாதுகாப்பு வேலியாக இருந்திருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்டோரிடம் பின்னர் நடத்தப்பட்ட பெரிய ஆய்வுக்கு இதுவே தொடக்கப்புள்ளி. சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளுக்கும், பின்னாளில் வரும் மனச்சோர்வு, இதய நோய் போன்றவற்றுக்கும் தொடர்பு இருப்பதை அந்த ஆய்வு காட்டியது.

எல்லோருக்கும் பாதிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. சொன்னதை நம்பி, அரவணைக்க ஒருவர் இருந்தால் மீள்வது எளிதாகிறது. ‘யார்கிட்டயும் சொல்லாதே, குடும்ப மானம் போயிடும்’ என்று அம்மாவே வாயை அடைத்தால், அது இரண்டாவது காயம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சி அனுபவங்களுக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, இ.எம்.டி.ஆர் போன்றவை நல்ல பலன் தருகின்றன. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் பரிந்துரைப்பார். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இப்போது ஒரு குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

சட்டமும் ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று கதவை மூடுவதில்லை. போக்சோ சட்டத்தின் கீழ், சிறுவயதில் நடந்த குற்றம் குறித்து வளர்ந்த பிறகும் புகார் செய்யலாம் என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. 2012 நவம்பரில் இந்தச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பு நடந்தவை, அப்போது இருந்த சட்டப் பிரிவுகளின் கீழ் வரும் என்பதால் வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். புகார் கொடுப்பதா, வேண்டாமா என்ற முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும்.

உங்கள் மகளோ, மனைவியோ, தோழியோ இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால், சாட்சி கேட்காதீர்கள். ‘அதையெல்லாம் மறந்துடு’ என்றும் சொல்லாதீர்கள். மறக்க முடிந்திருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். ‘நான் நம்புறேன். தப்பு உன் மேல இல்ல’ என்று சொல்லுங்கள். சிறுமியாக இருந்தபோது அவர் கேட்க வேண்டிய வார்த்தைகள் அவை.