உத்தராயணமும் ஆறடிக் கோலும்

தை மாதம் 1ந் தேதி பிறந்ததும், சூரியன் தெற்கே போவதை விட்டு வடக்கே திரும்பிவிட்டான் என்றும், உத்தராயண புண்ணிய காலம் வந்துவிட்டது என்றும் பஞ்சாங்கம் சொல்லுகிறது. அதைக் கேட்டுத் தலை முழுகுவதும், தட்சிணை கொடுப்பதும், மார்கழியில் கூடாதென்று நிறுத்தி வைத்த கலியாணங்களுக்கு நாள் பார்ப்பதும் நம் மக்களுக்கு வழக்கமாய் இருந்து வருகிறது. சூரியன் உண்மையிலேயே அன்றைக்குத்தான் திரும்புகிறானா என்று மாத்திரம் பார்ப்பவர் வெகு சிலரே. அதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். தூரதிருஷ்டிக் கண்ணாடியும் வேண்டாம். ஆறடி நீளமுள்ள ஒரு கோலும், அளக்க ஒரு நாடாவும் போதும்.

வெயில் படும் இடத்தில் கோலைச் செங்குத்தாக நட்டு, டிசம்பர் மாத ஆரம்பத்திலிருந்து தினந்தோறும் உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளந்து வாருங்கள். நிழல் வடக்கு நோக்கி விழும். நாளுக்கு நாள் நீளும். டிசம்பர் 21 அல்லது 22ந் தேதியில் அது மிக நீளமாயிருக்கும். சென்னையில் அன்று சுமார் 4 அடி 5 அங்குலம் இருக்கும். அதன்பின் குறுக ஆரம்பித்துவிடும். ஜனவரி 14ந் தேதி அளந்தால் சுமார் 4 அடி 1 அங்குலந்தான் இருக்கும். அதாவது, சூரியன் இன்று திரும்புகிறான் என்று புரோகிதர் சொல்லும்போது, அவன் திரும்பி ஏறக்குறைய 24 நாள் ஆகிவிட்டது!

உண்மையில் சூரியன் எங்கும் திரும்புவதில்லை. நாம் நிற்கும் பூமிதான் தன் அச்சில் சுமார் 23½ பாகை சாய்ந்தபடியே, 365¼ நாளில் சூரியனை ஒருமுறை சுற்றி வருகிறது. அந்தச் சாய்வு எப்போதும் ஒரே திசையைப் பார்த்திருப்பதால், ஜூன் மாதத்தில் பூமியின் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது. டிசம்பரில் தென்பாதி சாய்கிறது. வெயிலும் குளிரும் மாறுவது இதனால்தான். பூமி சூரியனை நெருங்கினால் கோடை, விலகினால் குளிர் என்று சிலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். மிகத் தூரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டரில், இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அவர்கள் எண்ணம் சரியானால் நமக்கு மார்கழியிலல்லவா கத்திரி வெயில் அடிக்க வேண்டும்?

சரி, இந்த 24 நாள் பிசகு எப்படி வந்தது? சுழலும் பம்பரம் தலையை ஆட்டுவதுபோல, பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்ல வட்டமிடுகிறது. இதனால் நட்சத்திரத்தைக் கொண்டு கணக்கிட்ட வருஷத்துக்கும், பருவத்தைக் கொண்டு கணக்கிட்ட வருஷத்துக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் வித்தியாசம் விழுகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒத்திருந்தன. அன்று கணக்குப் போட்டவன் வானத்தைப் பார்த்துப் போட்டான். பின்னால் வந்தவர்கள் ஏட்டைப் பார்த்துப் படித்தார்கள்! விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த கமிட்டி இந்தப் பிசகை எடுத்துக் காட்டிற்று. 1957 மார்ச் 22 முதல் அரசாங்கம் பருவத்தை ஒட்டிய தேசியக் காலண்டரையும் ஏற்படுத்திற்று. ஆனால் புண்ணிய காலம் மாத்திரம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

"எங்கள் கணக்கு நட்சத்திரக் கணக்கு, அது தப்பல்ல" என்று பஞ்சாங்கக்காரர் சொல்லக் கூடும். நல்லது. மகர ராசியை நட்சத்திரத்தால் குறித்துக் கொள்ளட்டும்; நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் உத்தராயணம் என்றால் வடக்கே செல்லுதல் என்றுதானே அர்த்தம்? வடக்கே செல்லுவதை நட்சத்திரத்தைக் கேட்டா அறிவது, நிழலைக் கேட்டா அறிவது?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிழல் கணக்குப்படி மார்கழியில் முக்கால் பங்குக்கு மேல் உத்தராயணம். அந்த மாதத்தில் கலியாணம் கூடாது என்கிறார்கள். ஜூன் 21க்குப் பிறகு ஆனியில் முக்கால் பங்கு தட்சிணாயனம். அந்த மாதத்தில் தாராளமாய்த் தாலி கட்டச் சொல்லுகிறார்கள். ஆனியில் மணந்த லட்சக்கணக்கான தம்பதிகளுக்குத் தட்சிணாயனம் என்ன கெடுதி செய்துவிட்டது? மார்கழியைக் கடத்துவதற்காகக் காத்திருந்து, தையில் எல்லோரும் ஒரே சமயத்தில் சத்திரத்துக்கும் சமையல்காரருக்கும் அலைந்து, கூடுதல் வாடகைக்கு வட்டிக்கடன் வாங்கிய ஏழைக் குடியானவனுக்கு உத்தராயணம் என்ன நன்மை செய்துவிட்டது?

நாள் பார்ப்பதே தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. எதற்காகப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அமாவாசையை எடுத்துக் கொள்ளுவோம். சந்திரன் கடல்நீரை இழுப்பதால் சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருமுறை கடல் ஏறி இறங்குகிறது. சூரியனும் அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பலத்தோடு இழுக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதால், அந்நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும். அரைச் சந்திர நாட்களில் இரண்டும் குறையும். நம் கடற்கரையில் இந்த வித்தியாசம் சுமார் மூன்றடிக்குள் அடங்குவதால் பலர் கவனிப்பதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது 30 அடிக்கு மேலும் போகும்.

இந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலக யுத்தம் காட்டிற்று. 1943 நவம்பர் 20இல் பசிபிக் சமுத்திரத்துத் தராவா தீவில் அமெரிக்கப் படை இறங்கியபோது, அது ஏற்றம் குறைந்த அரைச் சந்திரக் காலம். சந்திரனும் பூமிக்கு வெகு தூரத்தில் இருந்தது. பவளப் பாறைமேல் எதிர்பார்த்த அளவு நீர் ஏறவில்லை. படகுகள் தட்டி நின்றன. சிப்பாய்கள் குண்டு மழையில் நெடுந்தூரம் நீரில் நடந்தே கரையேற நேர்ந்தது. மூன்று நாள் சண்டையில் சுமார் ஆயிரம் அமெரிக்கர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 6இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு, ஆர்தர் டூட்சன் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் கணித்த ஏற்ற வற்றத்தை ஒட்டியே நாளும் நேரமும் குறித்தார்கள். இதுவும் நாள் பார்ப்பதுதான்! ஆனால் இது ராகுவைக் கேட்டுப் பார்த்த நாளல்ல, கடலைக் கேட்டுப் பார்த்த நாள்.

தோழர்களே! பொங்கல் உழைத்தவன் அறுத்த நெல்லைப் பொங்கி மகிழும் நாள். அதைக் கொண்டாடச் சூரியன் திரும்பவேண்டிய அவசியமில்லை. ஆனால் உங்கள் பெண்ணின் கலியாணத்தை ஒருவர் மார்கழி என்று தடுத்தால், அவரோடு சண்டை போட வேண்டாம். வாசலில் கோலை நட்டு, அவர் கையிலேயே நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நிழல் யாருக்கும் தட்சிணை வாங்கிக் கொண்டு பேசுவதில்லை.