மென்பானமும் கடினநீரும்

ஆங்கிலத்தின் ‘சாஃப்ட்’ என்னும் பெயரடைக்கு நேர்ப்பொருள் ஒன்று, உருவகப் பொருள் பல என்று பட்டியலிட்டு நகர்வது நம் மொழியியல் வகுப்புகளின் வழக்கம். பஞ்சின் மென்மை தொட்டறிவது. மென்பொருள், மென்திறன், மென்பானம் ஆகியவை பொருள் விரிவுகள். பட்டியலில் பிழையில்லை. ஆயின் உருவகத்தால் யாருக்கு ஆதாயம் என்று அது கேட்பதில்லை.

கஞ்சிக்கோட்டில் வாழ்வோர் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. இங்கிருந்த பெப்சி ஆலை 2020இல் மூடப்பட்டது. தெற்கே, பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கோக்கக் கோலா ஆலை 2000இல் தொடங்கி 2004இல் நின்றது. இரண்டும் நிலத்தடி நீரை எடுத்து ‘மென்பானம்’ செய்தவை.

ஆங்கிலத்தில் அந்த ‘மென்’ மதுவுக்கு எதிர்ச்சொல் மட்டுமே. சாராயம் கலவாதது என்பதற்கு மேல் அது எதையும் உணர்த்தாது. நாம் அதை அப்படியே பெயர்த்தபோது, ஒன்றின் இன்மையைக் குறித்த சொல் தமிழில் ஒரு நற்பண்பாகிவிட்டது.

இதன் மறுபாதி ‘கடினநீர்’. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கைக்குக் கடினமாகப் படாத இதுவும் உருவகமே. தம் கிணற்று நீர் சோறு பொங்க உதவவில்லை, குளித்தால் உடல் அரிக்கிறது என்றுதான் பிளாச்சிமடைப் பெண்கள் 2002இல் போராட்டத்தில் இறங்கினர். முன்னின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. ஆலை விற்றது மென்பானம்; ஊருக்கு எஞ்சியது குடிக்கவொண்ணா நீர். மெல்லிய சொல் விளம்பரத்திற்குப் போயிற்று. கடிய சொல்லின் சுமை தொலைவிலிருந்து குடம் சுமந்த பெண்களின் இடுப்பில் ஏறியது.

கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சொல்லை மாற்றினால் கிணறு ஊறுமா என்று கேட்பீர்கள். ஊறாது. ஆனால் இப்போராட்டத்தை ஆராயும் கட்டுரைகளே ‘மென்பான நிறுவனம்’ என்று எழுதும்போது, விற்பவரின் சொல் ஆய்வாளரின் குரலாகிறது. மக்கள் வழக்கில் ‘குளிர்பானம்’ என்ற சொல் முன்பே இருக்கிறது. கைக்குத் தெரிவதை மட்டும் அது சொல்கிறது. ஆய்வேடுகளில் அதையே எழுதுவோம். ‘மென்’ என்னும் அடைக்கு அகராதிப் பதிவு எழுதுவோர், அது எதன் இன்மையைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.